ஏலத்துக்கு வந்த மாத்திரை

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் என்றால் வருஷம் முழுக்க ஆராதனைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட வந்துவிடுவார்கள். வீட்டில் விளைந்ததில் நல்லதை எடுத்துவந்து ஆலயத்தில் காணிக்கையாக வைப்பதும், ஆராதனை முடிந்த பிறகு அதை முற்றத்தில் ஏலம் விடுவதும் வழக்கம். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாச்சக்கை, ரப்பர் ஷீட், நாட்டுக்கோழி எல்லாம் வரும். விளைய வைக்க நிலம் இல்லாதவர்கள் உதியன்குளங்கரைக் கடையில் பிளாஸ்டிக் வாளி வாங்கி வைப்பார்கள். கடவுள் பில் கேட்பதில்லை. இரண்டு மைத்துனர்கள் ஓர் எலுமிச்சம்பழத்தை வீம்புக்கு ஏற்றி ஏற்றி ஒரு மூட்டை அரிசி விலைக்குக் கொண்டுபோனதை நானே பார்த்திருக்கிறேன். ஏலத்துக்கு வைத்த பொருள் திரும்பிப் போகக்கூடாது. அது ஒன்றுதான் அங்கே சட்டம்.

அந்த வருஷம் மார்ஃபின் வந்தது.

நான் கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். எனக்குப் பணி ஓய்வு பக்கத்தில் வந்துவிட்டது, முன்கோபத்துக்குத்தான் ஓய்வே கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள். புற்றுநோய் முற்றி வேறு எந்த மருந்துக்கும் வலி அடங்காதபோது கொடுக்கிற மாத்திரை மார்ஃபின். அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் சரக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனி அலமாரி, அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சூப்பிரண்டு டாக்டரிடம் இருக்கும், இன்னொன்று என்னிடம். வெளியே போகும் ஒவ்வொரு மாத்திரைக்கும் கையெழுத்து உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில்தான் மருந்து வாங்குவார்கள். இந்த மாத்திரையை மட்டும் அங்கே கடையில் கேட்டால் கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால் வெள்ளறடை மலையடிவாரத்திலிருந்து பூவார் கடற்கரை வரைக்கும் வலியுள்ள வீடுகளுக்கு எங்கள் அலமாரிதான் கதி.

ஏலம் விடுகிறவர் சபைச் செயலர். ரப்பர் வியாபாரி, மைக் இல்லாமலே தேசிய நெடுஞ்சாலை வரைக்கும் கேட்கும் குரல். நான் சுக்குக்காப்பியோடு ஒரு வேப்பமர நிழலில் நின்றிருந்தேன்.

“அடுத்தது நம்ம டிரைவரண்ணனுக்க வீட்டிலிருந்து ஒரு பெட்டி! பஞ்சு உண்டு, குளுக்கோஸ் உண்டு, பெரியவியளுக்குக் கெட்டுத டயப்பர் உண்டு, நோவுக்குள்ள மாத்திரை உண்டு! ஆரு கேக்குதிய?”

டிரைவரண்ணன் என்றது எங்கள் சபையில் இருந்த ஒரு பஸ் டிரைவர். நுரையீரலில் புற்று வந்து அந்த மாதம்தான் இறந்திருந்தார். அவருக்கு மார்ஃபின் கொடுத்தது நான். பெட்டியின் மேலே வெள்ளித் தகட்டில் மினுங்கிக்கொண்டிருந்ததும் நான் கொடுத்ததுதான்.

முதல் வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். மூட்டுவலிக்காரர். “மாத்திரை முட்டுவலிக்குக் கேக்குமா?”

“எந்த நோவானாலும் கேக்கும்” என்றார் டிரைவரின் மனைவி, மனசார.

“அப்போ நூறு ரூவா.”

“நூறு ரூவா ஒரு தரம்!”

என் காப்பி எங்கே போயிற்று என்று தெரியாது. “நிறுத்துங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஏலத்துக்குக் கட்டி வைத்திருந்த கோழிகள்கூட அடங்கிவிட்டன. நேராகப் போய் மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

செயலருக்கு ரோஷம் வந்துவிட்டது. “எக்கா, ஏலத்துக்கு வந்த சாமான எடுக்கப்படாது. வேணுமெங்கி நீங்களும் கேளுங்க. நூத்தம்பதுன்னு சொல்லட்டா?”

அரசாங்க மருந்தாளுநர் ஆலய முற்றத்தில் போதைமருந்தை ஏலம் எடுத்தார் என்று பேப்பரில் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். புகைப்படத்தோடு வரும்.

“எலே, இது கஞ்சாவுக்குள்ள சட்டத்துல வாற சாமானாக்கும். வித்தா நீ உள்ள போவ, வாங்கினா அவரு உள்ள போவாரு, பாத்துட்டு நின்னதுக்கு நானும் உள்ள போவேன். ஆராதன நடத்தினதுக்கு போதகரய்யாவையும் சேத்துக் கொண்டு போவினும்.”

கூட்டம் பெட்டியை விட்டு இரண்டடி விலகி நின்றது. போதகர் இளவயசுக்காரர், நல்ல புத்திசாலி. மாத்திரையை என்னிடம் விட்டுவிட்டு மற்றதை ஏலம் விடுங்கள் என்றார். நானும் அவரும் செயலரும் சேர்ந்து எண்ணி, ஒரு கவரில் போட்டு ஒட்டி, மூன்று பேரும் மேலே கையெழுத்துப் போட்டோம். மூட்டுவலிக்காரர் சொன்ன வாக்கு மாறாமல் பஞ்சையும் டயப்பரையும் வாங்கிக்கொண்டு போனார். அதை வைத்து என்ன செய்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

டிரைவரின் மனைவியிடம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் போனேன். அவர் ஒதுங்கி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எக்கா, அவரு கடசியில சத்தமில்லாம, நோவில்லாம போனது இந்த மருந்தினாலயாக்கும். அதுக்கு நன்றி செலுத்தாண்டாமா? எனக்க வீட்டுல இதவிட நல்ல சாமான் வேற என்ன உண்டு?”

இதற்கு எந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது? அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் காலையில் கவரைக் கொண்டுபோய் சூப்பிரண்டு டாக்டர் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நல்ல டாக்டர், நோயாளியிடம் முகம் சுளித்துப் பார்த்ததில்லை, ஆனால் காகிதத்தைக் கண்டால் பயம். எங்கள் கையில் இருந்த உத்தரவுகளில் மார்ஃபின் எப்படி வரவேண்டும், எப்படிப் போகவேண்டும் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. போனது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று எங்களுக்குப் புரியும்படி எங்குமே இல்லை. கணக்கில் சேர்த்தால் சரக்கு கூடுகிறது. அழித்துவிட்டால் யார் அனுமதி தந்தார்கள் என்ற கேள்வி வரும். சும்மா வைத்திருந்தால் அதுவே குற்றம். அதிலும் ஏலம்வரை போய்த் திரும்பியிருக்கிறது, நூறு பேர் பார்த்திருக்கிறார்கள்.

“மேலிருந்து எழுத்து மூலமாகப் பதில் வரட்டும். அதுவரை அலமாரியைத் திறக்க வேண்டாம்” என்றார்.

“திறக்காமல் இருந்தால் நோயாளிகளுக்கு?”

“பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன்.”

பெரிய ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில். ஒரு பகல் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். நின்றாலும், உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறதே, அங்கே போங்கள் என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். இது டாக்டருக்கும் தெரியும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பூவார்க்காரர். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போன மனிதர். வாயில் புற்று வந்து, தாடையில் பாதியை எடுத்து, அதற்குப் பிறகும் அது விடவில்லை. அவருடைய மனைவி மீன் விற்கிறவர். கூடையை ஆஸ்பத்திரி மதிலோரம் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் மாத்திரைக்குக் கை நீட்டுவார். அவர்கள் கையில் இருக்கும் மாத்திரை வியாழக்கிழமையோடு தீரும். அடுத்த திங்கட்கிழமை பூவார் பள்ளியில், அதாவது அங்குள்ள தேவாலயத்தில், அவர்கள் மகளுக்குக் கல்யாணம். போன தடவை அந்த மனிதரே கூட வந்திருந்தார். பேச்சு குழறும், மனைவிதான் எடுத்துச் சொல்லுவார்.

“மகளுக்க கையப் பிடிச்சி பள்ளிக்குள்ள நடத்திட்டுப் போணுமாம். அந்த நேரம் நோவு வந்து ஆளுவளுக்க முன்னால கத்திரப்படாதாம். வேற ஒண்ணும் வேண்டாமாம், அக்கா.”

அதற்கென்ன, சிங்கம் மாதிரி நடப்பீர்கள் என்று நான் வாக்குக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

அன்று மாலைவரை போனில் கத்தினேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், இது போதைப்பொருள் பிடிக்கிற எக்சைஸ் துறை சம்பந்தப்பட்டது, அவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். எக்சைஸில், வெளியே பிடிக்கிறதுதான் எங்கள் வேலை, ஆஸ்பத்திரிக்குள் இருப்பது சுகாதாரத்துறை என்றார்கள். சுகாதாரத்துறையில் ஒருவர் மிகவும் அன்பாகப் பேசினார், எங்கள் சபையில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன விருந்து எப்போது என்றுகூட விசாரித்தார். கடைசியில், எழுதி அனுப்புங்கள், மருந்துக் கட்டுப்பாட்டில் கருத்துக் கேட்டுச் சொல்கிறோம் என்றார். மூவரும் மரியாதையானவர்கள். மூவரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டினால் ஒரு மணிநேரத்தில் தீருகிற காரியம் என்று என் வீட்டுக்காரரிடம் பொருமினேன். அவர் மரச்சீனி தோலை உரித்துக்கொண்டே, “அந்தத் திருவனந்தபுரம் கூட்டம் புதன்கிழமைதானே? போகமாட்டேன்னு சொன்னியே?” என்றார்.

வலிநிவாரண மருந்துகளுக்கு அரசு புதிதாக ஒரு வழிகாட்டுக் கொள்கை தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் வரைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம். களப்பணியாளர் பிரதிநிதி என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்களாம், மாவட்டத்தில் யாரோ என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கூட்டங்களில் நான் பலமுறை இருந்திருக்கிறேன். நாம் பேச ஆரம்பிக்கும்போதுதான் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வரும். எல்லார் கவனமும் தட்டுக்குப் போய்விடும். அதனால்தான் வரவில்லை என்று சொல்ல நினைத்திருந்தேன்.

புதன்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கிண்டலாகவே எழுதலாம், ஏசி குளிரில் நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்ததிலிருந்து ஆரம்பித்து. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கொள்கை என்பது எங்கோ மேலே, முகம் தெரியாத யாரோ எழுதுவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே பார்த்தால் என்னைப் போன்ற ஆட்கள்தான் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எக்சைஸ் அதிகாரிக்கு மாத்திரை தெருவுக்கு வந்துவிடுமோ என்ற பயம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகளில் எதையெல்லாம் பிடித்தோம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வலிநிவாரண டாக்டர் ஒருவருக்கு, பூட்டு கூடக்கூட வலியில் கிடப்பவர்களுக்கு எட்டாமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டு பயமும் நியாயமானதுதான். மருந்துக் கட்டுப்பாட்டிலிருந்தும் சுகாதாரத்துறையிலிருந்தும் ஒவ்வொருவர் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் அதிகாரி தலைமை தாங்கினார். அதிகம் பேசாதவர், பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

வரைவில் ஒரு வரி வந்தது. நோயாளி இறந்தபின் எஞ்சும் மருந்தை உசிதமான முறையில் கையாள வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன். பழம்பொரி இன்னும் வந்திருக்கவில்லை.

“எங்க ஊரில் அதை ஏலம் விட்டார்கள்” என்றேன் மலையாளத்தில்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. முழுவதையும் சொன்னேன், மூட்டுவலிக்காரரையும் விடாமல். எக்சைஸ் அதிகாரி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். மருந்துக் கட்டுப்பாட்டுக்காரருக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. டிரைவரின் மனைவி என்னிடம் கேட்டதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

தலைமை அதிகாரி பேனாவை மூடினார். “அந்த அலமாரி இப்போது திறந்திருக்கிறதா?”

“இல்லை மேடம். பூட்டியிருக்கிறது.”

“யாராவது காத்திருக்கிறார்களா?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “பூவாரில் ஒருவர் இருக்கிறார். நாளையோடு அவருக்கு மாத்திரை தீருகிறது. திங்கட்கிழமை மகள் கல்யாணம். வலியில் கத்தாமல் அவளைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார். இந்த மூன்று துறைக்கும் நான் போன் செய்துவிட்டேன். மூவருமே அடுத்தவரைக் கேட்கச் சொன்னீர்கள். இப்போது மூவரும் ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள்?”

சொன்ன பிறகுதான், கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அதிகாரி கோபப்படவில்லை. மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆளுக்கொரு வார்த்தை பேசினார்கள். திரும்பி வந்ததைச் சீல் வைத்துத் தனியாக வைப்பது, சாட்சிகள் முன்னால் அழிப்பது, வந்ததையும் அழித்ததையும் தனியாகப் பதிவது. இதற்காக மற்றவர்களுக்கு மருந்தை நிறுத்தத் தேவையில்லை. இவ்வளவுதான் விஷயம். டீ ஆறுவதற்குள் முடிந்தது. அவர் அங்கேயே எங்கள் சூப்பிரண்டுக்குப் போன் போட்டார், பின்னாலேயே மின்னஞ்சலும் போயிற்று. அப்புறம்தான் பழம்பொரி வந்தது. நான் நிறையவே தின்றேன்.

கொள்கை வெளிவர வெகுநாள் ஆயிற்று. அச்சில் வந்ததை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். டிரைவரின் மனைவி இல்லை, எங்கள் சபையும் இல்லை. இறப்புக்குப் பின் துக்கம் விசாரிக்கப் போகும் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ், எஞ்சிய மருந்தைக் கேட்டு வாங்கி வரவேண்டும் என்று இருந்தது. அதைக் குடும்பத்தார் பிறருக்குக் கொடுக்கவோ, விற்கவோ, ஏலம் விடவோ கூடாது என்றும் இருந்தது. ஏலம் என்ற அந்த ஒரு வார்த்தை என்னுடையது. வடக்கே காசர்கோட்டில் இருக்கிற ஒரு மருந்தாளுநர், மார்ஃபினை யார் ஐயா ஏலம் விடுவார்கள் என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

கூட்டத்துக்கு மறுநாள், வியாழக்கிழமை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்டர் தன் சாவியோடு அலமாரி முன்னால் நின்றிருந்தார். முகத்தில் பெரிய நிம்மதி. “நீங்கள் போனது நல்லதாயிற்று” என்றார். அவர் மேலிருந்த கோபமெல்லாம் அதோடு போய்விட்டது. பூவார்க்காரரின் மனைவி வந்தார், கையைக் கழுவிக்கொண்டு வாங்கினார். இடையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கல்யாணக் கார்டை எடுத்து நீட்டி, “வராம இருந்திரப்படாது கேட்டியளா” என்றார்.

போனேன். கடற்காற்றில் பந்தல் துணி படபடத்துக்கொண்டிருந்தது. பள்ளி நிறைய ஆட்கள். அந்த மனிதர் வெள்ளை வேட்டி சட்டையில், தாடையை ஒரு துண்டால் மறைத்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் ஒரு முனகல் இல்லை. என் மாத்திரை நடக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை.

பூசை முடிந்து வெளியே வந்து அவரைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இது மருந்து சாப்பிட்டவரின் முகம் இல்லை. இந்த முகத்தை எனக்குத் தெரியும்.

“பத்து மணி மாத்திரை போட்டியளா?”

அவர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். மாத்திரை அங்கே இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கல்யாண வீடு என்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தி, குழறிக் குழறி ஏதோ சொன்னார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்துச் சொன்னார்.

“இதத் தின்னா கண்ணு சொக்குமாம், அக்கா. பிள்ளைக்க முகத்த மயக்கத்துல பாக்கப்படாதுன்னு வச்சிட்டாராம். நானும் காலையில இருந்து சண்ட போடுதேன், கேக்கல்ல.”

“நோவு?”

“உண்டாம். ஆனா மருந்து பையில கெடக்குல்லா, வேணுங்கிற நேரம் எடுக்கலாம். அது இருந்தா நோவுக்குப் பயமில்லியாம்.”

அவ்வளவு பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த மாத்திரையைப் பற்றி ஒரு பகல் முழுக்கப் பேசினோம். அதை விழுங்காமலும் ஒருவருக்குப் பயன்படும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் வந்து அவர் காலைத் தொட்டார்கள். அவர் மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார். பூக்கட்டிய கார் அவர்களை ஏற்றிக்கொண்டு தென்னந்தோப்பு வளைவில் திரும்பும்வரை கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு மாத்திரையைப் பையிலிருந்து எடுத்து, தண்ணீருக்காக என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.